ஞாயித்துக்கிழமை சூரியனுக்கு லீவுங்களா?

கொஞ்சம் தலையப் பின்னால சாச்சுக்கங்க சார், ஒரே நிமிசம், சூரியனப் பாத்துக்கறேன். ச்சே, மேகம் வந்து மறைச்சுப்போட்டுது. இருக்கட்டும், விலகும். பயந்துக்காதீங்க, இது வெல்டிங் கண்ணாடிங்க. ரெண்டு கருப்புக் கண்ணாடிய ஒண்ணா ஒட்டி வச்சிருக்கறேன். எத்தனை வருசமாப் பாக்கறேன், இன்னும் ஊசியில நூல் கோப்பேன்.

பஸ்ஸு ஏன் நின்னுபோச்சுன்னு பாக்கறீங்களா? அதோ, ரோட்டுக்குக் குறுக்கால ஒருத்தன் சிவப்புக் கொடிய வச்சுட்டு நிக்கறான் பாருங்க. அந்த மொட்டைக் குன்று இருக்குதுல்ல, அந்தக் கரட்டுக்குக் கீழ கல் குவாரி. வெடி வைக்கப் போறாங்க. முதல்ல ஒரு சங்கு ஊதும், அப்பறம் வெடி, அப்பறம் இன்னொரு சங்கு. அதுக்கப்பறம்தான் வண்டி விடுவான். எப்பவும் மத்தியானத்துக்கு மேலதான் வைப்பாங்க. இன்னிக்கின்னு பாத்து இப்பவே மறிச்சுப்போட்டான் படுபாவி.

ஏனப்பா கண்டக்டரு, போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாயேன், இந்த ஒரு பஸ்ஸ மட்டும் விடச் சொல்லி! பாருங்க, காதுல வாங்கறானான்னு. டீ குடிக்கற எடம் கண்ணுக்குப் பட்டா மட்டும் தாவுவான்.

எனக்கு அவசரமுங்க. இந்தத் தட்டப் பாத்தீங்கல்ல, பட்டுப் பாவாடை, பழம், பூவு, உள்ள சின்ன டப்பியில கம்மலு. எந்தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. இன்னிக்கி புதன்கிழமை, பன்னெண்டு மணிக்கு ராகுகாலம் பொறக்குது. அதுக்குள்ள பாப்பா என் மடியில உக்காந்திருக்கோணும். தாய்மாமன்னு அவளுக்கு இருக்கறது நான் ஒருத்தன்தான்.

ஒரு விசேசத்துக்கு மாமன் இப்படியா தனியாப் பஸ்ஸுல போவான்னு நினைப்பீங்க. நியாயம்தான். மாமன் சீருன்னா மேளத்தோட போகோணும். என்னைய முறையாக் கூப்புடல சார். வெத்தலை பாக்கு வச்சு அழைக்கல. தங்கச்சி எம்பொண்டாட்டிக்குப் போனப் போட்டு, ‘அண்ணன் வர்றதுன்னா வரட்டும்’னாளாம். வர்றதுன்னா வரட்டும்! நான் என்ன, கறிச்சோத்துக்கு வர்ற ஒறம்பரையா? பொண்டாட்டி காத்தாலயே மொபட்ட எடுத்துட்டுக் கெளம்பிட்டா. நான் வீம்பு புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்பறம் மனசு கேக்கல. நேத்து சந்தையில ஒருத்தன் சொல்றான், தங்கச்சி மாப்பிள்ளையோட பெரியப்பா மகன் மடியில உக்கார வச்சுக் குத்தறதாப் பேச்சு இருக்குதுன்னு. நான் உசுரோட இருக்கறப்ப! எப்படி இருக்கும் சொல்லுங்க எனக்கு?

அப்படி என்ன தப்பு பண்ணிப்போட்டேன்னு கேளுங்க. சூரியனப் பத்திப் பேசினேன். அவ்வளவுதான். கொலையா பண்ணினேன்?

நான் வெல்டருங்க. பேரு சென்னியப்பன், புதூர் நால்ரோட்டுல பட்டறை. கொரோனா முடிஞ்ச சமயம், வேலை இல்லாம ஒரு நா சும்மா உக்காந்திருந்தேன். இந்தக் கண்ணாடிய எடுத்து மேல பாத்தேன். பாத்தா, சூரியன் மேல மிளகு ஒட்டின மாதிரி ஒரு கருப்புப் புள்ளி! அழுக்கோன்னு கண்ணாடியத் தொடச்சேன். போகல. அடுத்த நா பாத்தா புள்ளி கொஞ்சம் நகந்திருக்குது. எனக்குத் தூக்கமே போச்சுங்க. போன்ல தேடினா, ஆமா, சூரியன்ல புள்ளி உண்டு, அங்க பெரும் புயலே அடிக்குது, அதுல இருந்து மின்சாரம் பொடிப்பொடியாப் பூமி வரைக்கும் வருதுங்கறான். இன்னொருத்தன் சொல்றான், அந்தப் புயல் அடிக்கறப்ப நிலநடுக்கம் வர வாய்ப்பு ஜாஸ்தின்னு. வெளிநாட்டுல படிச்ச ஆளுங்க கணக்குப் போட்டுப் பாத்திருக்காங்களாம். சில பேரு சம்பந்தம் இருக்கலாம்ங்கறாங்க. நெறையப் பேரு அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்கறாங்க. இருக்கலாம்னுட்டாங்கல்ல சார்! அப்பறமென்ன?

எனக்கு அது உடனே புரிஞ்சுபோச்சு. ஏன்னா எந்தொழில் அதுதான். வெல்டிங் ராடு இந்தக் கையில. எர்த்து கிளாம்பு அந்த இரும்புல. ரெண்டும் ஒட்டக்கூட இல்ல, நடுவுல நெருப்புப் பறக்குதுல்ல? சூரியன் ராடு. பூமி எர்த்து. முடிஞ்சுது. வெல்டு வச்ச இரும்பு ஆறறப்ப டக்குன்னு ஒரு சத்தம் போட்டு இழுக்கும், பட்டறையில நின்னீங்கன்னா கேக்கும். பாறையும் அப்படித்தான் இழுக்குது. இத எந்தக் காலேஜிலயும் எனக்குச் சொல்லிக் குடுக்கல, நானா யோசிச்சேன்.

எங்கூர்ல அதுக்கு முன்னால இருந்தே பூமி ஆடிட்டுத்தான் இருந்துது. எல்லாரும் குவாரி குவாரின்னாங்க. நான் கவனிக்க ஆரம்பிச்சேன். மழ நாள்ல ஆடினதே இல்ல சார். ஒரு தடவ கூட இல்ல. ஐப்பசியில அடமழ புடிச்சுதே, ஒரு அசைவு இல்லையே! வெயில் மண்டையப் பொளக்குதுன்னு வைங்க, அன்னிக்கி டம்முனு ஆடும். அப்பறம் ஹோலிக்கு வடக்கத்திப் பசங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க, குவாரியே வெறிச்சோடிக் கெடந்துது. அந்தச் சமயத்துல பாத்தேன், சூரியன்ல ஒரு புள்ளி இல்ல, கழுவி வச்ச மாதிரி இருந்துது. பூமியும் ஆடல. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?

என்ன சிரிக்கறீங்க? சிரிக்கலையா? சரி, சரி.

வெடி வேற, பூமி ஆடறது வேறங்க. வெடி மேலாப்புல போகும். இது கீழ இருந்து வரும், உள்ளங்கால்ல தெரியும். ரெண்டும் ஒரே நேரத்துக்கு வந்தா எப்படிப் பிரிக்கறதுங்களா? அது வந்து… அனுபவத்துல தெரியுமுங்க. ஏனப்பா! ஏனப்பா கொடிக்காரரே! என்னப்பா இன்னிக்கி இவ்வளவு சீக்கிரம்?

கேட்டீங்களா, மேக்கால வானம் கருக்குதாம். இடி மேகம் கூடறதுக்கு முன்னால முடிச்சுப்போடோணுமாம். அது நெசம்தான், மருந்து ரொப்பின குழியில மின்னல் பட்டா தானா வெடிச்சுப்போகும், ஆளே மிஞ்ச மாட்டான். மழ வர்ற மாதிரி இருந்தா அன்னிக்கி வெடியே கெடையாது. அந்த விசயத்துல ரொம்ப ஜாக்கிரதையான ஆளுங்க. என்ன சார், ஏதோ சொல்ல வந்தீங்க? இருங்க, முதல்ல நான் சொல்லி முடிச்சுக்கறேன், இல்லீன்னா விட்டுப்போகும்.

எங்க விட்டேன்? ஆங், கோகிலா. எந்தங்கச்சி. அப்பனாத்தா போனப்பறம் நான்தான் அவளக் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை லாரி ஓட்டறாரு, தங்கமான மனுசன். ராப்பகலா ஓட்டிச் சேத்து ஒரு வீடு கட்டினாங்க, இந்தக் கரட்டுக்கு அந்தப் பக்கம். குடி வந்து ஒரு வருசம் ஆகல, நெலப்படிக்கு மேல இருந்து சுவரு வெரிசல் விட்டுப்போச்சு. உங்க விரல விடலாம், அவ்வளவு வெரிசல். அட்டாலியில அடுக்கின பாத்திரம் திடீர் திடீர்னு கீழ விழும். நான்தான் போய் அட்டாலிக்குக் குறுக்கால கம்பித் தடுப்பு பண்ணி மாட்டிவிட்டேன். நெலப்படிக்கு இரும்பு ஆங்கிள்ல முட்டுக் குடுத்தேன். பாப்பா தொட்டில அந்தச் சுவத்துல இருந்து தள்ளிக் கட்டுன்னு சொன்னதும் நான்தான். பாப்பாவ நான் எப்படிப் பாத்துக்குவேன் தெரியுங்களா? பட்டறைக்கு வந்தா என் மடியில உக்காந்துட்டு, மாமா சூரியன் காட்டுங்கும். இந்தக் கண்ணாடியக் கண்ணுல வச்சுக் காட்டுவேன். ‘லட்டு’ங்கும். 

போன கோடையில, குவாரி லைசென்ஸப் புதுப்பிக்கறதுக்குக் கருத்துக் கேக்கறோம்னு கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டாங்க. ஊரே கெளம்பிட்டுது. கோகிலா முன்னாடியே பட்டறைக்கு வந்தா. ‘அண்ணா, எனக்கு மைக்கப் புடிச்சா நாக்கு ஒட்டிக்கும். நீ வந்து நம்ம வீட்டப் பத்திச் சொல்லு’ன்னா. சொல்றேம்மிணின்னேன்.

சொன்னேனுங்க! வீட்டப் பத்தியும் சொன்னேன். வெரிசல் இருக்குது, பாத்திரம் விழுகுதுன்னு சொன்னேன். ஆனா காரணத்தச் சொல்லோணுமில்ல? மைக்கு கையில இருக்குது, அதிகாரி எதுத்தாப்புல உக்காந்திருக்காரு, நானூறு சனம் பாக்குது. சூரியப் புள்ளியில ஆரம்பிச்சு, ராடு, எர்த்துன்னு புட்டுப் புட்டு வச்சேன். மண்டபத்துல ஊசி விழுந்தாக் கேக்கும். அதிகாரி கூட, ‘அப்படி ஒரு ஆராய்ச்சி நடக்குதுங்க, ஆனா நிரூபிக்கல’ன்னாரு. நடக்குதுன்னாருல்ல! முதல்ல கை தட்டினது யாருன்னு நினைக்கறீங்க? குவாரி முத்துரத்தினம். முதலாளியே எந்திரிச்சு நின்னு கை தட்டினாரு.

அப்பத்தான் கோகிலா எந்திரிச்சா. மைக்குப் புடிச்சா நாக்கு ஒட்டிக்கும்னவ, மைக்கே இல்லாமக் கேக்கறா. ‘ஏண்ணா, ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் ஆடறதில்ல? ஞாயித்துக்கிழமை சூரியனுக்கு லீவா?’ன்னா. மண்டபமே சிரிச்சுது சார். எங்கூடப் பொறந்தவ, நாலு சனத்துக்கு முன்னால! எனக்கு மூஞ்சியில கரி பூசின மாதிரி ஆயிப்போச்சு. நானும் விடல. ‘ஞாயித்துக்கிழமை நீ கோழியடிச்சுத் தின்னுபோட்டு டிவி பாத்துட்டு இருந்திருப்பே, பூமி ஆடினது உனக்கெங்க தெரியும்’னேன். அதுக்கும் சிரிச்சாங்க. அவ என்னையே பாத்தா. பாப்பாவத் தூக்கி இடுப்புல வச்சுட்டு வெளிய போயிட்டா.

சூரியனா குவாரியான்னு தெளிவா இல்ல, அதனால இப்போதைக்கு நடக்கட்டும்னு முடிஞ்சுபோச்சு. நானா முடிச்சேன்? நான் என் கருத்தச் சொன்னேன். கருத்துக் கேக்கத்தானே கூட்டம்?

இந்தச் சால்வைங்களா? தட்டு மேல மூடியிருக்கறேனே, இதுவா? நல்லா இருக்குதில்ல, ஜரிகையப் பாருங்க. அன்னிக்கி முத்துரத்தினம் என்னைய மேடைக்குக் கூப்புட்டுப் போத்தினது. ‘நம்மூரு விஞ்ஞானி’ன்னாரு சார். மைக்குல. எனக்கு அழுகையே வந்துபோச்சு. முப்பது வருசமா எத்தனை இரும்புக் கேட்டு, எத்தனை கிரில்லு செஞ்சு போட்டிருப்பேன். ஒருத்தன் நல்லா இருக்குதுன்னு சொன்னதில்ல. துருப் புடிச்சாத்தான் சென்னியப்பன் பேரு ஞாபகம் வரும். முதல் தடவையா ஒரு மனுசன் என்னைய நிமுந்து பாத்து விஞ்ஞானிங்கறான். அது தப்புங்களா? சந்தோசப்பட்டது தப்புங்களா?

அப்பறம் அவுங்க கல் ஒடைக்கற கிரஷர்ல சல்லடை, தொட்டி வெல்டு வேலையெல்லாம் நம்ம பட்டறைக்கு வந்துது. உடனே ஊருக்குள்ள அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டுப்போட்டாங்க! வாய் கூசாமப் பேசறாங்க சார். வேலை தெரிஞ்சவனத்தானே கூப்புடுவாங்க? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. நான் முத்துரத்தினத்துக்கிட்ட ஒரு உதவியும் கேட்டதில்ல. ஒரே ஒரு தடவ, தங்கச்சி வீட்டுச் சுவத்துக்கு ஏதாச்சும் பண்ணிக் குடுங்கன்னு கேட்டேன். ‘அது சூரியன் பண்ற வேலையில்லீங்களா சென்னியப்பா, அதுக்கு நான் என்ன பண்றது’ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது, என் வார்த்தையத்தானே சொல்றாரு.

மணி என்னங்க ஆச்சு? அடக் கடவுளே. இன்னும் சங்கே ஊதலையே.

அதுல இருந்து கோகிலா பேசறதில்ல. நோம்பி, பண்டிகைக்கு வர்றதில்ல. பாப்பாவ அனுப்பறதில்ல. மாப்பிள்ளை மட்டும் வழியில பாத்தாத் தலையாட்டுவாரு. காதுகுத்துக்குக் கம்மல் எடுக்கறப்பக் கடைக்காரன் கேக்கறான், மாமனா நீங்கன்னு. ஆமான்னேன்.  போய் நிக்கறப்ப, அந்தப் பெரியப்பா மகன் மணையில உக்காந்திருந்தா நான் என்ன சார் பண்ணுவேன்? தட்ட வச்சுட்டுத் திரும்பி வர்றதா? சட்டையப் புடிக்கறதா?

இருங்க, போனு. … கோகிலா! அவளேதான் சார். ஒரு வருசம் கழிச்சு அவளே கூப்புடறா!

சொல்லும்மிணி… ஆமா, வந்துட்டேதான் இருக்கறேன். … இரு, சத்தம் கேக்கல, பெருசா வச்சுக்கறேன். … என்ன? இன்னும் உக்கார வைக்கலையா? … அந்தப் பெரியப்பா மகன் மடியிலன்னாங்க? … யாரு சொன்னாங்கன்னா, சந்தையில… சரி, சரி, திட்டாத. … காது குத்தற ஆசாரி கெளம்பறேங்கறாரா? கையில கால்ல விழுந்தாவது நிறுத்தும்மிணி!

கேட்டீங்களா சார்? மாமன் மடியிலதான் குத்தோணும்னு சொல்லிப்போட்டாளாம். கோவம் கோவமா இருக்கட்டும், முறை முறைதான்னாளாம். எனக்கோசரம் உக்காந்திருக்காங்க.

ஆங், இருக்கறேன். … இல்லம்மிணி, பஸ்ஸு நிக்குது. … ரிப்பேரெல்லாம் இல்ல. மறிச்சிருக்காங்க. … கொடி புடிச்சுட்டு நிக்கறான். … எதுக்குன்னா… மறிச்சிருக்காங்கன்னா மறிச்சிருக்காங்க, அதப் போயி… … இல்ல, கோவிச்சுக்கல. … அட, வெடி வைக்கறாங்கம்மிணி! … குவாரியிலதான். வேறெங்க வைப்பாங்க?

‘அப்ப இன்னிக்கி சூரியன் இல்லையாண்ணா’ங்கறா சார்.

அம்மிணி… அம்மிணி, இரு. சங்கு ஊதறான். உனக்குக் கேக்குதா? பாப்பா எங்க இருக்கறா? … எந்தச் சுவத்துக்கிட்ட? … ஏய், தூக்கு அவள! வெளிய வா! இன்னிக்கி விசேசத்துக்குப் பாத்திரம் எடுக்கறேன்னு அட்டாலித் தடுப்பக் கழட்டிப்போட்டியா? … கழட்டிட்டியா! அடியே, வாசலுக்கு வாங்கடி எல்லாரும்! ஆசாரி கெடக்கட்டும் விடு, முதல்ல பாப்பாவத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடு! சொன்னாக் கேளு கோகிலா, இப்ப வெடிக்கும், உன் வீடு தாங்காது! ஓடு!

…

சார். கேட்டுதுங்களா உங்களுக்கு? நம்ம பஸ்ஸுக் கண்ணாடி கிடுகிடுன்னுதே, அதே நேரத்துக்குப் போனுக்குள்ள… பாத்திரமெல்லாம்… ஒரே நேரத்துக்குங்க. கோகிலா! கோகிலா! ஏய், பேசு! … அழுகறாளா? பாப்பாவா அழுகறது? அழட்டும், நல்லா அழட்டும். வாசல்ல தானே இருக்கறீங்க எல்லாரும்? … சாமி. … என்னது? … எதுமேல? … மணை மேலயா?

நெலப்படிக்கு மேல இருந்த சுவரு பேந்து விழுந்துபோச்சாம் சார். எனக்குன்னு போட்டு வச்ச மணை மேல. பாப்பாவ நான் மடியில வச்சு உக்கார வேண்டிய மணை.

வர்றேம்மிணி. … பஸ்ஸ எதிர்பாக்கல, நடந்தே வர்றேன். கரட்டச் சுத்தி வந்தா சீக்கிரம் வந்துருவேன். ராகுகாலம் பொறந்தாப் பொறக்கட்டும், அது முடிஞ்சப்பறம் குத்திக்கலாம், ஆசாரிக்குச் சோறு போட்டு உக்கார வை. வீட்டுக்குள்ள யாரும் போகாதீங்க. வாசல்லயே ஒரு பாய் போடு. நான் வந்து உக்காந்துக்கறேன்.

கொஞ்சம் வழி விடுங்க சார், இறங்கோணும். ரெண்டாவது சங்கு ஊதினா என்ன, ஊதாட்டி என்ன. ஆமாங்க, மேகம் விலகிட்டுது, வெயில் வந்துட்டுது, தெரியுது. இப்ப அதுக்கு நேரமில்ல. தட்டு மேல போத்தின சால்வையப் பாருங்க, ஒரே கல்லுத் தூசி, எடுத்துக் கம்பியில போட்டுட்டேன். உங்க பேப்பர் ஒண்ணு குடுங்க, பூவு வாடாம மூடிக்கறேன்.

சால்வைங்களா? அது வேண்டாமுங்க, அந்தக் கம்பியிலயே கெடக்கட்டும். கண்டக்டரு சீட்டுத் தொடைக்க வச்சுக்கட்டும்.